அபய முத்திரை

'அஞ்சேல்' என்று அருளும் கைக்குறி. காக்கும் கை என்றும் வழங்கும். வலக்கை மார்பளவு உயர்ந்து, உள்ளங்கை அடியவரை நோக்க, விரல்கள் மேல்நோக்கி நிற்கும். இந்து, பௌத்தச் சிற்பங்கள் இரண்டுக்கும் பொதுவானது. ஆடவல்லானின் முன் வலக்கை இதுவே. சோழர் காலச் செப்புத்திருமேனிகள் பலவற்றில் அதே முன்கையில் பாம்பு படமெடுத்திருக்கும். அச்சம் தருவதைத் தாங்கிய கையே அஞ்சாதே என்கிறது.

பௌத்தத்தில், மதயானை நளகிரியைப் புத்தர் அன்பால் அடக்கிய கதையோடு இக்குறியை இணைப்பர். அமராவதிப் புடைப்புச் சிற்பம் ஒன்றில் அக்கதை முழுவதும் ஒரே வட்டத்துக்குள் அடங்கியிருக்கிறது. ஒருபுறம் யானையின் வெறியாட்டம். தெருவில் சிதறும் கூட்டம். மாடத்துச் சாளரங்களில் பதைத்து நிற்கும் பெண்கள். மறுபுறம் அதே யானை புத்தர் காலடியில் மண்டியிடுகிறது. வெறியையும் பணிவையும் அருகருகே வடித்த அச்சிற்பிக்கு ஈடு சொல்வது அரிது. இச்சிற்பம் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது.