“பங்கருக்குள்ள பெத்தனாங்கள்”: கர்ப்பகால இடுப்பு வலியைச் சொல்ல முடியாமற் போவது ஏன்?

கர்ப்பம் ஆறு, ஏழு மாதத்தைத் தாண்டும்போது சில பெண்களுக்கு இரவில் பாயில் புரண்டு படுப்பதே பெரும்பாடாகிவிடுகிறது. அடிவயிறு முடியும் இடத்து எலும்பில் கத்தியால் கீறுவது போன்ற வலி. சிலருக்கு அது நாரியின் இரண்டு பக்கத்திலும் தொடங்கித் தொடை வரைக்கும் இறங்கும். ஒற்றைக்காலில் நின்று உடுப்பு மாற்ற முடியாது. பஸ் படியில் கால் தூக்கி வைக்க முடியாது. நடக்கும்போது இடுப்பெலும்புக்குள் ஏதோ உரசுவது, ‘கிளிக்’ என்று அசைவது போலவும் இருக்கும்.

இதை வீட்டில் சொன்னால் வருகிற பதில் வடக்கு கிழக்கில் பலருக்குப் பாடம்: “இதெல்லாம் ஒரு நோவே? நாங்கள் பங்கருக்குள்ள பெத்தனாங்கள்.”

அந்தப் பதிலில் பொய் இல்லை. 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை ஷெல் வீச்சுக்கு உள்ளான பிறகு, புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் பள்ளிக்கூடக் கட்டடங்களே வைத்தியசாலைகளாயின. அங்கேயும் பிள்ளைகள் பிறந்தன. அங்கே போய்ச்சேர முடியாதவர்கள் பங்கர்களில் பெற்றார்கள். பிறகு மெனிக்பாம் முகாமில் நிறைமாதத்தோடு தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள். அந்தத் தாய்மாரும் மாமிமாரும் இன்றைய கர்ப்பிணியின் வலியைத் தாங்கள் பட்டதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இயல்புதான். ஆனால் அந்த ஒப்பீட்டால், சிகிச்சை உள்ள ஒரு வலி கிளினிக் வரைக்கும் போகாமலே நின்றுவிடுகிறது. பங்கரில் பெற்றவர்களுக்கு அன்று கேட்பதற்கு ஆளில்லை. இன்று இருக்கிறார்கள்.

இந்த வலிக்கு மருத்துவத்தில் பெயர் உண்டு. ‘பெல்விக் கேர்டில் பெயின்’, அதாவது இடுப்பு வளைய வலி என்கிறார்கள். கிளினிக் கொப்பியில் பி.ஜி.பி. என்றோ, பழைய வழக்கப்படி எஸ்.பி.டி. என்றோ எழுதியிருக்கலாம். கர்ப்பிணிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வருகிறது என்பது பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு. வயிற்றுப் பிள்ளைக்கு இதனால் ஆபத்தில்லை. அதனாலேயே அவசரமான கிளினிக்கில் இது கடைசி இடத்துக்குத் தள்ளப்படுகிறது என்று நினைக்கிறேன்.

இடுப்பெலும்பு ஒரு வளையம். முன்னால் ஒரு மூட்டு, பின்னால் நாரிக்குக் கீழே இரண்டு மூட்டுகள். முன்மூட்டின் இடைவெளி சாதாரண நாட்களில் 4 முதல் 5 மில்லிமீற்றர் வரை. கர்ப்பத்தில் தசைநார்கள் இளகுவதால் அது இன்னும் இரண்டு மூன்று மில்லிமீற்றர் கூடும். பலருக்கு இது தெரியாமலே நடந்து முடிகிறது. மூட்டுகள் சமமாக அசையாமல் ஒரு பக்கம் கூடவும் மறுபக்கம் இறுக்கமாகவும் இருந்தால், சுற்றியிருக்கும் தசைகள் அதைச் சரிக்கட்ட முயன்று களைத்துப்போகின்றன. முன்பு நாரியிலோ இடுப்பிலோ காயம் பட்டவர்கள், பாரமான வேலை செய்கிறவர்கள், முந்திய கர்ப்பத்திலும் இந்த வலி இருந்தவர்கள் ஆகியோருக்கு இது வரும் வாய்ப்புக் கூட.

முன்பு காயம் பட்டவர்கள் என்பதில் எங்கள் பகுதிகளில் எத்தனை பேர் அடங்குவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். 2009இல் எட்டு, பத்து வயதில் காயப்பட்ட சிறுமிகள் இன்று பிள்ளை பெறும் வயதில் இருக்கிறார்கள்.

ஒரு காலை இழந்தவருக்குக் கர்ப்பத்தில் பாரம் கூடும்போது மிச்சக் காலின் பருமனும் மாறுகிறது, வீக்கமும் வருகிறது. செயற்கைக்காலின் கோப்பை இறுகிப் புண்ணாக்கும், அல்லது சரியாகப் பொருந்தாமல் சாய்த்து நடக்கவைக்கும். அந்தச் சாய்வு முழுவதையும் இடுப்பு வளையந்தான் தாங்குகிறது. செயற்கைக்கால் செய்து கொடுத்த இடத்துக்கு, அது யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிறுவனமாக இருந்தாலும் வேறு நிலையமாக இருந்தாலும், நாலாம் ஐந்தாம் மாதத்திலேயே போய்க் காட்டிக் கோப்பையைச் சரிசெய்வது நல்லது. கடைசி மாதங்களில் சிலர் செயற்கைக்காலைக் கழற்றிவிட்டு ஊன்றுகோலையோ சக்கர நாற்காலியையோ பாவிக்க வேண்டி வரலாம். அதற்கு முதலே வாசலுக்கும் மலசலகூடத்துக்கும் பிடிமானம் போட்டு வைத்தால் விழுவதைத் தவிர்க்கலாம்.

உடம்புக்குள் இன்னும் ஷெல் பீஸ் உள்ளவர்கள் அதை முதல் கிளினிக்கிலேயே சொல்ல வேண்டும். இரும்புத் துண்டு உள்ளே இருக்கும்போது எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுப்பது ஆபத்தாகலாம். முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில் பீஸோ பழைய காயமோ இருந்தால், சிசேரியனுக்கு முதுகில் ஊசி போடும் மயக்க மருந்து நிபுணருக்கு அது முன்கூட்டியே தெரிய வேண்டும். வயிற்றில் முன்பு சத்திரசிகிச்சை நடந்திருந்தால் குடலும் கருப்பையும் ஒட்டிப்போயிருக்கலாம். சிசேரியன் செய்கிறவர் அதற்கும் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

பலர் இதைச் சொல்லாமல் விடுவதற்குக் காரணம் தெரிந்ததுதான். காயத்தைப் பற்றிக் கேட்டால் அடுத்த கேள்வி எங்கே வந்து நிற்கும் என்ற பயம். வைத்தியருக்குத் தேவையானது காயம் எந்த இடத்தில், உள்ளே என்ன இருக்கிறது, என்ன சத்திரசிகிச்சை நடந்தது என்பவை மட்டும். எந்த நிலையில் பட்டது, அப்போது யாரோடு இருந்தீர்கள் என்பதெல்லாம் சிகிச்சைக்குத் தேவையில்லை. அதைச் சொல்லாமலே காயத்தைச் சொல்லலாம்.

வீட்டில் செய்யக்கூடியவை

முழங்கால்கள் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு அசைய வேண்டும் என்பதுதான் அடிப்படை. கால்கள் விரியும்போதும், ஒரு காலில் மட்டும் பாரம் விழும்போதும் முன்மூட்டு இழுபடுகிறது. பக்கவாட்டில் படுத்து, முழங்கால்களுக்கும் கணுக்கால்களுக்கும் இடையில் தலையணை வையுங்கள். பழைய சேலையை மடித்து வைத்தாலும் போதும். புரளும்போது முழங்கால்களை நெருக்கிக்கொண்டு, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்ப வேண்டும். பாயில் படுக்கிறவர்கள் நேராக எழும்ப முயலாமல், பக்கவாட்டில் திரும்பி, கையும் முழங்காலும் ஊன்றி, ஒரு கதிரையைப் பிடித்து எழும்பலாம். முடியுமென்றால் இந்த மாதங்களுக்குக் கட்டில் நல்லது.

உடுப்பை இருந்துகொண்டு போடுங்கள். படியேறும்போது நோக் குறைந்த கால் முதலில், இறங்கும்போது நோக் கூடிய கால் முதலில், ஒவ்வொரு படியாக. ஓட்டோவில் ஏறும்போது முதலில் இருந்துவிட்டுப் பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே எடுங்கள். மோட்டார்சைக்கிளில் ஒருபக்கமாகக் கால்போட்டு இருப்பது இடுப்பை முறுக்கும். கால் விரித்து இருப்பது மூட்டை இழுக்கும். வேறு வழி இருக்கும் நாட்களில் அதைத் தவிர்ப்பது நல்லது.

துருவலையில் கால் விரித்து இருந்து தேங்காய் துருவுவது, குந்தியிருந்து உடுப்புத் தோய்ப்பது, வெங்காயத் தோட்டத்தில் மணிக்கணக்காகக் குந்துவது எல்லாம் வலியைக் கூட்டும். இடுப்பில் குடம் வைப்பதும் அப்படித்தான், பாரம் ஒரே பக்கம் விழுகிறது. அரைவாளித் தண்ணீராக, இரண்டு கையிலும் சமமாகப் பிரித்து எடுக்கலாம். ஓய்வெடுங்கள் என்று எழுதுவது சுலபம். கணவர் காணாமல் ஆக்கப்பட்ட, அல்லது கொழும்பிலோ வெளிநாட்டிலோ வேலை செய்யும் வீட்டில் கிணற்றடிக்கு வேறு யார் போவது? ஆகவே முழு ஓய்வு கிடைக்காது என்று வைத்துக்கொண்டு, பாரமான வேலையை ஒரே நேரத்தில் செய்யாமல் நாள் முழுவதும் பிரித்து, இடையிடையே இருந்து செய்யுங்கள் என்றுதான் சொல்ல முடியும். அயலவரிடம் ஒன்றே ஒன்று கேட்பதென்றால், தண்ணீர் அள்ளித்தரக் கேளுங்கள்.

இடுப்புப் பட்டி சிலருக்குச் சுகம் தரும். அதை வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்பைச் சுற்றிப் போட வேண்டும். வெந்நீர் ஒத்தடமும் கொடுக்கலாம், கொதிக்கக் கூடாது. வலி மாத்திரையில் பனடோல் போன்ற பரசிற்றமோலை வைத்தியர் சொல்லும் அளவில் எடுக்கலாம். பார்மசியில் கேட்டு டைக்ளோபெனாக், ஐபுபுரூபன் வாங்கிப் போடக் கூடாது. கர்ப்பத்தின் பிற்பகுதியில் அவை பிள்ளையின் சிறுநீரகத்தையும் இதயத்து இரத்தக்குழாயையும் பாதிக்கலாம். எண்ணெய் போட்டு மெதுவாகத் தடவுவதில் தவறில்லை. ஆனால் முறிவு நெரிவு வைத்தியரிடம் போய் இடுப்பை இழுத்துப் ‘பிடிப்பு எடுப்பதை’ இந்த நேரத்தில் செய்யாதீர்கள்.

எல்லாவற்றையும் விட உதவுவது இயன்மருத்துவம். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைகளிலும் மாவட்டப் பொது வைத்தியசாலைகளிலும் இது இலவசம். கிளினிக் வைத்தியர் கடிதம் தந்தால் போகலாம். பெரும்பாலும் கேட்டால்தான் தருவார்கள், அதனால் கேளுங்கள்.

பிரசவ அறையில்

இந்த வலி இருப்பதால் சிசேரியன் கட்டாயம் என்றில்லை. பெரும்பாலானோர் சாதாரணமாகவே பெறுகிறார்கள். போவதற்கு முதல் வீட்டில் மல்லாந்து, முழங்கால்களை மடித்து, வலி தொடங்காமல் எவ்வளவு தூரம் விரிக்க முடிகிறது என்று ஒரு நாடாவால் அளந்து கொப்பியில் எழுதி வையுங்கள். பரிசோதனையின்போதும் பிரசவத்தின்போதும் முடிந்தவரை அதற்கு மேல் விரிக்காமல் பார்க்கும்படி தாதியிடம் சொல்லலாம். பக்கவாட்டில் படுத்தோ, கையும் முழங்காலும் ஊன்றியோ பெறுவது மூட்டுக்கு இலேசு. எல்லா வைத்தியசாலையிலும் இதற்கு இடம் கொடுப்பார்கள் என்று சொல்ல மாட்டேன், முன்கூட்டியே கேட்டால் கிடைக்கும் வாய்ப்புக் கூட.

போரிலும் தடுப்பிலும் பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கு அந்தக் கட்டிலில் கால் விரித்துப் படுப்பதே பழைய இடத்துக்குத் திரும்பிப் போவதாக இருக்கும். காரணம் சொல்லத் தேவையில்லை. “எனக்குப் பரிசோதனை கஷ்டம், மெதுவாச் செய்யுங்கோ, நிப்பாட்டச் சொன்னால் நிப்பாட்டுங்கோ” என்று மட்டும் சொல்லலாம். பெண் வைத்தியரையோ, ஒரு தாதி பக்கத்தில் இருப்பதையோ கேட்கலாம்.

பிறகு

பெரும்பாலானோருக்குப் பிள்ளை பிறந்து சில கிழமைகளில், அல்லது சில மாதங்களில் வலி குறைகிறது. ஒரு சிலருக்கு நீடிக்கும். நீடித்தால் அதற்கும் இயன்மருத்துவம் உண்டு.

எங்கள் வீடுகளின் பிள்ளைப்பேற்றுப் பராமரிப்பில் நல்லது நிறைய இருக்கிறது. 31 நாள் துடக்கு என்ற பெயரில் தாய்க்குக் கிடைப்பது உண்மையில் ஒரு மாத ஓய்வு. சரக்குக்கறியும் மீனும் கீரையும் உடம்பைத் தேற்றும். இரண்டு விடயங்களில் மட்டும் கவனம் வேண்டும். வயிறு போட்டுவிடும் என்று சேலைத்துணியால் வயிற்றை இறுக்கிக் கட்டினால் அழுத்தம் கீழே, ஏற்கெனவே தளர்ந்திருக்கும் இடுப்புத்தளத் தசைகளில் இறங்குகிறது. கட்டுவதென்றால் இடுப்பெலும்பைச் சுற்றி, மூச்சு முட்டாமல். அடுத்தது தண்ணீர். ‘வயிறு ஊதும்’ என்று தண்ணீரைக் குறைத்தால் மலம் இறுகும், முக்கினால் தையலும் மூட்டும் நோகும், பாலுக்கும் நல்லதில்லை. வேது குளிப்பாட்டும்போது தையல் உள்ள இடத்தில் கொதிநீரை அடித்து ஊற்ற விடாதீர்கள்.

சிசேரியன் என்றால் ஆறு கிழமைக்குப் பிள்ளையின் பாரத்துக்கு மேல் தூக்காமல் இருக்க வேண்டும். மூத்த பிள்ளையைத் தூக்குவதும் இதில் அடங்கும். இருமும்போது தையலின் மேல் தலையணையை வைத்துப் பிடியுங்கள்.

இருமினால், சிரித்தால் சிறுநீர் கசிவதைப் பல பெண்கள் பிள்ளை பெற்றதற்கான விலையாக ஏற்றுக்கொண்டு வருடக்கணக்காகத் துணி வைத்துக்கொள்கிறார்கள். இதற்குப் பயிற்சி இருக்கிறது. காற்றையும் சிறுநீரையும் ஒன்றாக அடக்குவதுபோல் உள்ளே இழுத்து, பத்து வினாடி வரை வைத்து, முழுமையாகத் தளரவிட வேண்டும். பத்துத் தடவை, நாளுக்கு மூன்று முறை. சிறுநீர் கழிக்கும்போது இதைப் பழக வேண்டாம். பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும். ஆனால் சிலருக்கு, குறிப்பாக வன்முறைக்கு உள்ளானவர்களில் சிலருக்கு, இந்தத் தசை தளர்ந்திராமல் எப்போதும் இறுகியே இருக்கும். இழுக்கும் பயிற்சி அவர்களுக்கு வலியைக் கூட்டும். வயிறு வரைக்கும் மூச்சை இறக்கித் தளரவிடப் பழகுவதுதான் முதல் வேலை. செய்யச் செய்ய வலி கூடினால் நிறுத்திவிட்டு இயன்மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இவை இடுப்பு வளைய வலி அல்ல, தாமதிக்கக் கூடாதவை: கர்ப்பத்தில் இரத்தம் அல்லது நீர் போதல், 37 கிழமைக்கு முதல் விட்டுவிட்டு வயிறு இறுகுதல், வயிறு கல்லுப்போல் இறுகியே இருத்தல், பிள்ளையின் துடிப்புக் குறைதல், காய்ச்சலோடு சிறுநீர் எரிதல். பிரசவத்துக்குப் பின் ஒரு மணித்தியாலத்துக்குள் ஒரு பாட் நனையும் இரத்தப்போக்கு, நாற்றத்தோடு கழிவு, காய்ச்சல். எந்த நேரத்திலும் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நோவது, திடீர் மூச்சுத்திணறல் (வலியால் படுத்தே இருப்பவர்களுக்கு இரத்தம் கட்டியாகும் வாய்ப்புக் கூட), சிறுநீர் போக முடியாமை, கவட்டுப் பகுதி மரத்துப்போதல். 1990க்கு எடுத்தால் அம்புலன்ஸ் இலவசம்.

மற்ற எதற்கும் முதலில் சொல்ல வேண்டியவர் உங்கள் குடும்பநல உத்தியோகத்தர், ஊரில் ‘மிட்வைவ் மிஸ்’ என்கிறவர். கர்ப்பத்தில் வீட்டுக்கு வருகிறார், பிள்ளை பிறந்து முதல் பத்து நாட்களுக்குள்ளும் பிறகும் வருகிறார். அவர் வரும்போது பிள்ளையின் நிறையைப் பற்றிய பேச்சிலேயே நேரம் போய்விடும். ஆகவே அவர் இருந்தவுடனேயே சொல்லிவிடுங்கள்: “மிஸ், எனக்கு இடுப்பெலும்பு நோ. திரும்பிப் படுக்கேலாது, படியேறேலாது. இயன்மருத்துவத்துக்குக் கடிதம் வேணும்.” மாமி பக்கத்தில் இருந்தாலும் சொல்லுங்கள்.