பேட்மேன் 1966: கேலிக்கு ஆளான தொடரும் கைவிடாத ரசிகர்களும்

1966-ஆம் ஆண்டு ஜனவரி 12, புதன்கிழமை இரவு ஏழரை மணி. அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் ஒரு புதிய தொடர் ஆரம்பமானது. சாம்பல் நிற உடை, நீல முகமூடி, மஞ்சள் இடுப்புப் பட்டை அணிந்த ஒரு நாயகன் குற்றவாளியைத் தேடி இரவு விடுதிக்குள் நுழைகிறான். எல்லோரும் மது அருந்தும் இடத்தில் அவன் கேட்டு வாங்கியது ஆரஞ்சு ஜூஸ்! அதிலும் யாரோ மயக்க மருந்து கலந்துவிட, அரை மயக்கத்தில் அவன் நடனமாடத் தொடங்குகிறான்.

அவன்தான் பேட்மேன். நடித்தவர் ஆடம் வெஸ்ட்.

இரண்டு வருடம் இரண்டு மாதம் ஓடிய அந்தத் தொடர் 120 பகுதிகளோடு 1968 மார்ச் 14 அன்று முடிந்தது. ஆனால் ஜனவரி 12 என்ற தேதியை அதன் ரசிகர்கள் மறக்கவில்லை. 2016-இல் பொன்விழா கொண்டாடினார்கள். 2026 ஜனவரி 12 அதன் 60-ஆம் ஆண்டு நிறைவு நாள். வெற்றி பெற்ற தொடருக்கு விழா எடுப்பதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். அதிசயம் இருக்கிறது. இடையில் பல வருடங்கள், பேட்மேன் ரசிகர்களிலேயே ஒரு பெரிய கூட்டம் இந்தத் தொடரின் பெயரைச் சொல்லவே வெட்கப்பட்டது!

சிரிக்காமல் சிரிக்க வைப்பது

பேட்மேன் 1939-இல் காமிக்ஸ் புத்தகத்தில் பிறந்தவன். உருவாக்கியவர்கள் பாப் கேன், பில் ஃபிங்கர் என்ற இருவர். சிறுவயதில் கண்ணெதிரே பெற்றோர் சுட்டுக் கொல்லப்பட, அந்த வேதனையில் வளர்ந்து இரவில் குற்றவாளிகளை வேட்டையாடும் பணக்காரன் புருஸ் வெயினின் கதை அது. உண்மையில் இருண்ட கதை.

தொடரைத் தயாரிக்க ஒப்புக்கொண்ட வில்லியம் டோசியர் அதற்கு முன் பேட்மேன் காமிக்ஸ் படித்தவரே அல்ல. சில பழைய இதழ்களை வாங்கி விமானப் பயணத்தில் படித்தார். அவருக்குத் தோன்றிய ஒரே வழி, எதையும் துளியும் சிரிக்காமல், மிகையான கம்பீரத்தோடு எடுப்பது. குழந்தைகள் அதைச் சாகசமாகப் பார்ப்பார்கள், பெரியவர்கள் நகைச்சுவையாகப் பார்ப்பார்கள். ஸ்பெயினில் வசித்துவந்த லொரென்சோ செம்பிள் என்ற எழுத்தாளரைப் பிடித்து இந்தப் பாணியில் முதல் கதையை எழுத வைத்தார்.

மற்றதெல்லாம் அதற்கேற்ப அமைந்தன. வில்லன்களின் மறைவிடத்தைக் காட்டும்போது கேமராவைச் சாய்த்துப் படம்பிடித்தார்கள். சண்டையில் ஒவ்வொரு குத்துக்கும் திரையில் கொட்டை எழுத்தில் ஒரு சத்தம் தோன்றும். பேட்மேனும் ராபினும் கயிறு பிடித்துக் கட்டிடச் சுவரில் ஏறும் காட்சிக்குச் சுவரைத் தரையில் படுக்க வைத்து, கேமராவைப் பக்கவாட்டில் திருப்பி எடுத்தார்கள். நடிகர்கள் வெறுமனே குனிந்து நடந்தார்கள், அவ்வளவுதான்! வழியில் ஒரு ஜன்னல் திறந்து ஏதாவது பிரபலம் தலையை நீட்டிப் பேசுவது வாடிக்கை. பேட்மேனின் கார், 1955-இல் செய்யப்பட்ட லிங்கன் ஃப்யூச்சுரா என்ற கண்காட்சிக் கார். கார் வடிவமைப்பாளர் ஜார்ஜ் பாரிஸ் அதை ஒரே ஒரு டாலருக்கு வாங்கி, மூன்று வாரத்தில் மாற்றிக் கொடுத்தார்.

வில்லன்கள் நாயகனுக்குச் சளைத்தவர்கள் அல்ல. ரிட்லராக ஃபிராங்க் கோர்ஷின், பெங்குவினாக பர்ஜெஸ் மெரிடித், கேட்வுமனாக ஜூலி நியூமர், பிறகு எர்தா கிட். ஜோக்கராக நடித்த சீசர் ரொமேரோ தன் மீசையை எடுக்க மறுத்துவிட்டார். மீசைக்கு மேலேயே வெள்ளைச் சாயம் பூசினார்கள். உற்றுப் பார்த்தால் இன்றும் தெரியும்.

புதன்கிழமை பேட்மேனை ஆபத்தில் மாட்டவைத்து நிறுத்துவார்கள். வியாழக்கிழமை இதே நேரம், இதே அலைவரிசையில் பார்க்கச் சொல்லி ஒரு குரல் அழைக்கும். அந்தக் குரல் டோசியருடையதுதான். முதல் பருவத்தில் இரண்டு நாள் ஒளிபரப்பும் அமெரிக்காவின் முதல் பத்து நிகழ்ச்சிகளுக்குள் வந்தன. 1966 மார்ச் 16 அன்று ஜெமினி 8 விண்கலம் விண்வெளியில் ஆபத்தில் சிக்கியபோது ஏபிசி பேட்மேனை நிறுத்திவிட்டுச் செய்தியைக் காட்டியது. இரண்டு விண்வெளி வீரர்களின் உயிர் ஊசலாடிக்கொண்டிருக்க, பேட்மேன் எங்கே என்று கேட்டுத் தொலைக்காட்சி நிலையத்துக்குப் புகார் அழைப்புகள் வந்தன! அந்த வீரர்களில் ஒருவர் நீல் ஆம்ஸ்ட்ராங்.

சிரிக்காத ஒரு சிறுவன்

எல்லோரும் ரசித்தார்களா? இல்லை. நியூ ஜெர்சியில் 14 வயதுப் பையன் ஒருவன் முதல் பகுதியைப் பார்த்துவிட்டு நொந்துபோனான். பெயர் மைக்கேல் உஸ்லன். தான் நேசிக்கும் பேட்மேனைப் பார்த்து உலகமே சிரிக்கிறது என்பதை அவனால் தாங்க முடியவில்லை. என்றாவது ஒருநாள் உண்மையான, இருண்ட பேட்மேனை உலகுக்குக் காட்டுவேன் என்று உறுதி எடுத்துக்கொண்டதாக அவர் பின்னாளில் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். சொன்னதைச் செய்தும் காட்டினார். 1979-இல் பெஞ்சமின் மெல்னிகர் என்பவரோடு சேர்ந்து திரைப்பட உரிமையை வாங்கினார். படமாக வெளிவரப் பத்து வருடம் ஆனது. அதுதான் 1989-இல் டிம் பர்டன் இயக்கிய 'பேட்மேன்'.

உஸ்லன் மட்டுமல்ல. தொடர் நின்றவுடன் காமிக்ஸ்காரர்களும் டெனிஸ் ஓ'நீல், நீல் ஆடம்ஸ் போன்றவர்களை வைத்துப் பேட்மேனை மீண்டும் இருட்டுக்குள் கொண்டுபோனார்கள். 1986-இல் ஃபிராங்க் மில்லரின் காமிக்ஸ் அந்த இருட்டை இன்னும் அடர்த்தியாக்கியது. காமிக்ஸ் குழந்தைகளுக்கானது மட்டுமல்ல என்று வாதாடிய தலைமுறைக்கு, திரையில் கொட்டை எழுத்தில் வெடித்த அந்தச் சத்தங்கள் பெரிய இடைஞ்சல். பத்திரிகைகளில் காமிக்ஸ் பற்றி எந்தக் கட்டுரை வந்தாலும் தலைப்பில் அந்தச் சத்தத்தைப் போட்டுக் கேலி செய்வது வழக்கமாகிவிட்டது. அவர்களுடைய கோபத்திலும் நியாயம் இருந்தது.

கழற்ற முடியாத முகமூடி

இந்தச் சண்டையில் அதிகம் அடிபட்டவர் யார்? முகமூடி போட்ட மனிதர்தான்.

தொடர் முடிந்தபோது ஆடம் வெஸ்ட்டுக்கு வயது 39. நடிகனுக்கு நல்ல வயது. ஆனால் எந்த வேடத்தில் வந்தாலும் பார்வையாளர்கள் பேட்மேனைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று தயாரிப்பாளர்கள் பயந்தார்கள். வருடக்கணக்கில் உருப்படியான வேடம் கிடைக்கவில்லை. 1970-களின் முற்பகுதியில், பெண்களுக்குச் சம ஊதியம் தரவேண்டும் என்று அமெரிக்கத் தொழிலாளர் துறை ஒரு விளம்பரம் எடுத்தது. பேட்கேர்ளாக நடித்த இவான் கிரெய்க்கும் ராபினாக நடித்த பர்ட் வார்டும் பழைய உடையில் வந்தார்கள். பேட்மேனாக வந்தது வேறொரு நடிகர். வெஸ்ட் அப்போது அந்த வேடத்தை விட்டு விலகி ஓடிக்கொண்டிருந்தார்.

ஓட முடிந்ததா? வயிறு என்று ஒன்று இருக்கிறதே. கார் கண்காட்சிகளிலும் பொருட்காட்சிகளிலும் அதே உடையை மாட்டிக்கொண்டு நின்றார். தன்னை வீழ்த்திய வேடத்தை வைத்தே சாப்பிட வேண்டிய நிலை. வார்டின் கதையும் பெரிதாக வேறில்லை. உச்சத்தில் இருந்த தொடரில் தனக்குச் சம்பளம் வாரம் 350 டாலர்தான் என்று அவர் சொல்லியிருக்கிறார். 1989 படம் வந்தபோது பேட்மேனாகத் திரும்ப நடிக்க வெஸ்ட் ஆசைப்பட்டார். அவரை யாரும் அழைக்கவில்லை.

கதைக்குள் வந்த நிஜம்

1992-இல் பேட்மேன் கார்ட்டூன் தொடர் ஒன்று வந்துகொண்டிருந்தது. அதை எடுத்தவர்கள் 1966 தொடரைப் பார்த்து வளர்ந்த வயதினர். அதில் ஒரு பகுதியில் சைமன் டிரென்ட் என்ற வயதான நடிகர் வருகிறார். ஒரு காலத்தில் தொலைக்காட்சியில் 'கிரே கோஸ்ட்' என்ற முகமூடி வீரனாக நடித்தவர். இப்போது யாரும் வேலை தருவதில்லை. வாடகைக்காகத் தன் பழைய தொடரின் பொம்மைகளை விற்கிறார். அந்தத் தொடரின் படச்சுருள்களும் அழிந்துபோய்விட்டன என்று நம்பப்படுகிறது. அவரைத் தேடி வருகிறான் பேட்மேன். சிறுவயதில் அப்பாவோடு உட்கார்ந்து பார்த்த கிரே கோஸ்ட்தான் தனக்கு முன்மாதிரி என்று சொல்லி, தன் குகைக்குள் சேர்த்து வைத்திருக்கும் நினைவுப் பொருட்களைக் காட்டுகிறான். தன் உழைப்பு வீண்போகவில்லை என்று கிழவர் உணர்கிறார். கடைசியில் தொடர் வீடியோவாக வெளிவருகிறது. கையெழுத்து வாங்க ரசிகர்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

டிரென்ட்டுக்குக் குரல் கொடுத்தவர் ஆடம் வெஸ்ட்!

வெஸ்ட்டும் அதன்பின் ஓடுவதை நிறுத்திக்கொண்டார். 1994-இல் பேட்மேன் நாட்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 2000 முதல் 'ஃபேமிலி கை' கார்ட்டூனில் தன் சொந்தப் பெயரிலேயே ஒரு கிறுக்கு மேயராகக் குரல் கொடுத்தார். கேலியைக் கேலியாலேயே வென்றார் எனலாம். 2012 ஏப்ரலில் ஹாலிவுட் நடைபாதையில் அவர் பெயருக்கு ஒரு நட்சத்திரம் பதிக்கப்பட்டது.

பூட்டுப்போட்ட பெட்டி

கதையில் நடந்தது நிஜத்தில் நடக்க இன்னும் 22 வருடம் பிடித்தது. தொடரை எடுத்தது ட்வென்டியெத் செஞ்சுரி ஃபாக்ஸ். பேட்மேன் என்ற பாத்திரமோ டிசி காமிக்ஸுக்கும் அதன் உரிமையாளரான வார்னர் நிறுவனத்துக்கும் சொந்தம். இரண்டு நிறுவனங்களும் ஒத்துப்போகாமல் வீடியோ வெளிவராது. எத்தனையோ மட்டமான பழைய தொடர்களெல்லாம் கடையில் கிடைத்தன, இது கிடைக்கவில்லை. மறுஒளிபரப்பில் டேப்பில் பதிந்து வைத்தவர்கள் அதை ஒருவருக்கொருவர் பிரதி எடுத்துக் கொடுத்துக்கொண்டார்கள். 1986-இல் ஜோயல் ஐஸ்னர் என்ற ரசிகர் தொடரைப் பற்றி முழுப் புத்தகமே எழுதினார். சிலர் பேட்மேன் காரையே வீட்டில் கட்டினார்கள். கலிபோர்னியாவில் ஒருவர் அப்படிக் கட்டி விற்க, டிசி நிறுவனம் வழக்குப் போட்டது. காருக்கும் கதாபாத்திரத்தைப் போலக் காப்புரிமை உண்டு என்று 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. ஒரு டாலருக்கு வாங்கிய அசல் கார் 2013-இல் ஏலத்தில் 46 லட்சம் டாலருக்கு மேல் போயிருந்தது.

கடைசியில் 2014 நவம்பர் 11 அன்று 120 பகுதிகளும் வட்டுகளாக வெளிவந்தன. தொடர் முடிந்து 46 வருடம் கழித்து! சீசர் ரொமேரோ, மெரிடித், கோர்ஷின் மூவரும் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. இவான் கிரெய்க் பொன்விழாவுக்குச் சில மாதங்கள் முன்பு, 2015 ஆகஸ்டில் காலமானார். 2016-இல் பொன்விழா ஆண்டில் பழைய பாணியிலேயே ஒரு கார்ட்டூன் படம் எடுக்கப்பட்டது. வெஸ்ட், வார்ட், ஜூலி நியூமர் மூவரும் அரை நூற்றாண்டுக்குப் பிறகு தங்கள் பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்தார்கள்.

வானத்தில் ஒரு வெளிச்சம்

2017 ஜூன் 9 அன்று ஆடம் வெஸ்ட் 88-வது வயதில் இறந்தார். ஆறு நாள் கழித்து, ஜூன் 15 இரவு, லாஸ் ஏஞ்சலஸ் மாநகராட்சிக் கட்டிடத்தின் முன் கூட்டம் கூடியது. உடையும் முகமூடியும் அணிந்து வந்தவர்கள் பலர். குழந்தைகளும் இருந்தார்கள், 1966-இல் குழந்தைகளாக இருந்தவர்களும் இருந்தார்கள். பர்ட் வார்டும் வந்திருந்தார். மேயரும் போலீஸ் தலைவரும் சேர்ந்து விசையைப் போட, அந்த உயரமான கட்டிடத்தின் மேல் வௌவால் சின்னம் ஒளிர்ந்தது. தொடரில் கமிஷனர் கார்டன் ஆபத்து என்றால் பேட்மேனை அழைப்பாரே, அதே சின்னம். இந்த முறை அது உதவி கேட்டு எரியவில்லை. வழியனுப்பி எரிந்தது.

உஸ்லன் விரும்பிய இருண்ட பேட்மேனும் ஜெயித்துவிட்டான், ஆரஞ்சு ஜூஸ் குடித்த பேட்மேனும் ஜெயித்துவிட்டான். ஒருவன் நிலைக்க இன்னொருவனை மறக்க வேண்டியதில்லை என்று ரசிகர்களுக்குப் புரிய அரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஜனவரி 12-ஐக் கொண்டாடுகிறவர்கள் ஒரு பழைய நிகழ்ச்சியை மட்டும் நினைத்துப் பார்ப்பதில்லை. தங்களைச் சிரிக்க வைப்பதற்காகத் தான் சிரிக்காமல் நின்ற ஒரு நடிகருக்கு, உலகம் தரத் தவறிய மரியாதையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தருகிறார்கள். அந்த மரியாதையில் பெரும்பகுதி அவர் உயிரோடு இருக்கும்போதே அவர் கைக்கு வந்து சேர்ந்தது. எல்லாக் கலைஞர்களுக்கும் அந்தக் கொடுப்பினை வாய்ப்பதில்லை.