சக்திமான் உடுப்பைக் கழற்ற முடியாத நடிகர்

இந்த வாரம் விவசாயம் இல்லை, பழைய ஞாயிற்றுக்கிழமைகள் பற்றி.

முகேஷ் கன்னான்னு சொன்னா எங்க எம். புதுப்பட்டியில் பாதிப் பேருக்குத் தெரியாது. சக்திமான்னு சொல்லுங்க, முப்பது தாண்டின எல்லாருக்கும் தெரியும். பி.ஆர். சோப்ராவின் மகாபாரதத்தில் 1988-ல் பீஷ்மராக வந்தவர் அவர்தான். தன் கம்பெனிக்கே பீஷ்ம் இன்டர்நேஷனல்னு பெயர் வைத்தார். ஆனால் அந்தக் கம்பெனி எடுத்த சக்திமான், 1997 செப்டம்பரில் தூர்தர்ஷனில் தொடங்கி 2005 வரை ஓடி, பீஷ்மரையே மறைச்சிருச்சு.

பேச்செல்லாம் இந்தி. நம்ம பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை புரியாது. அவர் தரைச்சக்கரம் மாதிரி சுத்திக் கிளம்பினா மட்டும் எல்லாம் புரியும்.

அந்தக் காலத்தை நினைச்சுப் பாருங்க. சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டி, பட்டாசு ஆபீஸ்களில் பிள்ளைகள் வேலை பார்ப்பது பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது 1996 டிசம்பரில். தொடர் வந்தது அடுத்த வருஷம். விடியுமுன்னே ஆபீஸ் வண்டி ஏறி, நாளெல்லாம் கட்டை அடுக்கின பிள்ளைகளும் அதைப் பார்த்தார்கள். ஆபத்துன்னா ஒருத்தர் பறந்து வருவார் என்பது அவர்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல்!

அந்த நம்பிக்கையே வினையாகவும் வந்துச்சு. சக்திமான் காப்பாத்துவார்னு நம்பி வடக்கே சில பிள்ளைகள் தீ வைத்துக்கொண்டதாகவும், மாடியிலிருந்து குதித்ததாகவும் பத்திரிகைகளில் செய்தி வந்தது. அவர் அதை மறுத்தார். ஆனாலும், இது நடிப்பு, யாரும் செய்து பார்க்காதீங்கன்னு பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய நிலை அவருக்கு வந்தது. மருந்தை நம்பிப் பிழைக்கிற ஊர்க்காரர்களுக்கு இது சாதாரணச் செய்தி இல்லை. வெடிவிபத்து நடந்தா யாரும் பறந்து வர்றதில்லை, தீயணைப்பு வண்டிதான் வரும். அதுவும் வர நேரமாகும்.

அமெரிக்காவில் 1950-களில் டிவி சூப்பர்மேனாக நடித்த ஜார்ஜ் ரீவ்ஸை மக்கள் வேறு வேஷத்தில் ஏற்கவில்லை, அது அவருக்குப் பெரிய பாரமாகப் போச்சு. முகேஷ் கன்னா நேர் எதிர். 2022-ல் சக்திமான் சினிமா அறிவிப்பு வந்தபிறகு, ரன்வீர் சிங் நடிக்கப் போறார்னு பேச்சு வந்தப்போ அவர் ஒத்துக்கலை. 2024-ல் தானே அந்த உடுப்பை மறுபடி போட்டுக்கிட்டு வந்து நின்றார்.

பிடிவாதம்னு சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரலை. அத்தனை பிள்ளைகள் நம்பின வேஷத்தை இன்னொருத்தர் தோளில் போடுறதுக்கு யோசிக்கத்தான் வேணும்.

உங்க வீட்டில் அந்த ஞாயிறுகளை யார் யார் பார்த்தீங்க? சொல்லுங்க.