வாய்வழித் துப்பாக்கியின் வேட்டைக் குண்டுகள்

குழலின் வாய் வழியாகவே வெடிமருந்தையும் குண்டையும் போட்டு, கம்பியால் கெட்டித்துச் சுடும் துப்பாக்கியே வாய்வழித் துப்பாக்கி. தமிழ்நாட்டில் நாட்டுத் துப்பாக்கி என்றும் இலங்கைத் தமிழரிடம் இடியன் துவக்கு என்றும் வழங்குவன இந்த இனத்தைச் சேர்ந்தவை. மான், எல்க், கரடி போன்ற பெருவிலங்குகளுக்கு இதில் எந்தக் குண்டைப் போடுவது என்ற கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. இன்று அந்தக் கேள்வி உயிரோடு இருப்பது பெரும்பாலும் அமெரிக்க ஐக்கிய நாடுகளில்தான்.

இந்தக் குண்டுக்கு ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வேலைகள் உண்டு. போடும்போது, மனிதக் கையின் பலத்துக்குக் குழலின் அடிவரை இறங்க வேண்டும். சுடும்போது குழலின் உட்சுவரில் வெட்டப்பட்டிருக்கும் புரியை இறுகப் பிடித்துச் சுழன்று வெளியேற வேண்டும். இறுக்கமாக இருந்தால் இறங்காது, தளர்வாக இருந்தால் சுழலாது. போதாக்குறைக்குக் கருமருந்து எரியும்போது பாதிக்கு மேல் திடக்கழிவாகக் குழலிலேயே படிகிறது. முதல் குண்டு சுகமாக இறங்கினாலும் நான்காவது குண்டு பாதி வழியில் நின்றுவிடும். அடுத்தடுத்து வந்த ஒவ்வொரு குண்டும் இந்தச் சிக்கலுக்கு ஒரு விடை.

துணி சுற்றிய உருண்டை

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மன், சுவிஸ் கொல்லர்கள் பென்சில்வேனியாவில், குறிப்பாக லங்காஸ்டர் பகுதியில், குடியேறினார்கள். ‘யேகர்’ எனப்படும் குட்டையான, பெருந்துளை வேட்டை ரைஃபிளைச் செய்யும் கலையையும் உடன் கொண்டுவந்தார்கள். அமெரிக்கக் காடு அதை மாற்றியது. குழல் ஒரு மீட்டருக்கு மேல் நீண்டது, துளை சுருங்கியது. ஈயத்தையும் மருந்தையும் முதுகில் சுமந்துகொண்டு வாரக்கணக்கில் காட்டில் திரிபவனுக்குச் சிறிய குண்டு என்றால் கூடுதல் வேட்டு. அங்குள்ள வெண்வால் மானுக்கு .45 அங்குலம் (11.4 மி.மீ.) போதுமானதாக இருந்தது.

உருண்டையைத் துளையைவிடச் சற்றுச் சிறிதாக வார்த்து, இடைவெளியைத் துணியால் அடைப்பது இந்த மரபின் வழி. அளந்த மருந்தைக் குழலில் கொட்டி, கொழுப்போ தேன்மெழுகோ தடவிய லினன் துணியை வாயின் மேல் விரித்து, நடுவில் உருண்டையை வைத்துக் கட்டைவிரலால் அமுக்குவார்கள். மிஞ்சிய துணியை வாயோடு ஒட்டிக் கத்தியால் அறுத்துவிட்டு, கம்பியால் ஒரே சீராக அடிவரை தள்ளுவார்கள். புரியைப் பிடிப்பது துணிதான், ஈயம் அதைத் தொடுவதேயில்லை. துணியின் பிசுக்கு முந்தைய வேட்டின் கரியையும் துடைத்துக்கொண்டு இறங்குகிறது. குழலை விட்டு வெளியேறியதும் துணி கழன்று சிறிது தூரத்தில் விழுந்துவிடும். அதை எடுத்துப் பார்த்தே பழகியவர்கள் குறை கண்டுபிடிப்பார்கள். கிழிந்திருந்தால் துணி மெல்லியது, கருகி ஓட்டையாகியிருந்தால் பிசுக்குப் போதவில்லை.

குண்டு மருந்தின் மேல் அழுந்த உட்காருவது கட்டாயம். நடுவே இடைவெளி விட்டால் குழல் புடைக்கலாம், பிளக்கவும் செய்யலாம். சரியாக இறங்கியதைக் காட்டக் கம்பியில் ஒரு கோடு கீறி வைப்பது அன்றும் இன்றும் உள்ள வழக்கம். துப்பாக்கியோடு அதற்கே உரிய வார்ப்பச்சையும் கொல்லர் கொடுப்பார். துளையின் அளவைச் சொல்வதும் ஒரு பவுண்டு ஈயத்தில் எத்தனை உருண்டை வார்க்கலாம் என்ற கணக்கில்தான்.

உருண்டையின் பலவீனம் அதன் வடிவம். காற்று அதை வெகு சீக்கிரம் தடுத்துவிடுகிறது. நொடிக்கு 550 மீட்டர் வேகத்தில் கிளம்பும் .50 உருண்டை, 100 கெஜம் போவதற்குள் வேகத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கை இழக்கிறது. விலங்கை அடித்து வீழ்த்தும் ஆற்றல் வேகத்தின் இருமடிப்படி குறைவதால், மூன்றில் ஒரு பங்கு மிஞ்சினாலே பெரிது. இதற்கு ஒரே மாற்று, குண்டைப் பெரிதாக்குவது. உருண்டையின் எடை குறுக்களவின் மும்மடிப்படி ஏறுகிறது. .45 துப்பாக்கியின் உருண்டை 8.3 கிராம், .50க்கு 11.5, .54க்கு 14.5. குறுக்களவு ஐந்தில் ஒரு பங்கு கூடினாலே எடை முக்கால் பங்கு கூடிவிடுகிறது. பைசனும் கிரிஸ்லி கரடியும் உலவிய மேற்குச் சமவெளிக்குப் போனவர்கள் இதை அனுபவத்தில் அறிந்தார்கள். ஜேக்கப், சாமுவேல் ஹாக்கன் சகோதரர்கள் செயின்ட் லூயிஸ் நகரில் செய்த குட்டையான, கனத்த ரைஃபிள்கள் .50 முதல் .54 வரை போனது அதனால்தான்.

விரியும் அடிப்பாகம்

நீண்ட குண்டு காற்றைக் கிழித்துப் போகும் என்பது தெரிந்திருந்தும், அதைக் குழலுக்குள் இறக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. 1823இல் பிரிட்டிஷ் 34ஆம் படைப்பிரிவின் கேப்டன் ஜான் நார்ட்டன் அடியில் குழிவுள்ள கூம்புக் குண்டைச் செய்தார். தென்னிந்தியாவில் பணியாற்றியபோது ஊதுகுழல் அம்புகளைப் பார்த்ததே அவருக்கு வழிகாட்டியது என்று சொல்லப்படுகிறது. அம்பின் அடியில் இருந்த தாமரை நெட்டி, ஊதும்போது விரிந்து காற்றுக் கசியாமல் குழலை அடைத்ததாம். எந்த ஊரில், யாரிடம் பார்த்தார் என்ற விவரம் கதையோடு வருவதில்லை. பிரிட்டிஷ் ராணுவம் அந்தக் குண்டை அப்போது ஏற்றுக்கொள்ளவுமில்லை.

அதே எண்ணத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் பிரெஞ்சு அதிகாரி குளோத் எத்தியேன் மினியே. 1849இல் வந்த அவரது குண்டின் அடிக்குழிவில் ஓர் இரும்புக் கிண்ணம் இருந்தது. வெடியின் அழுத்தம் அதை முன்னே தள்ள, ஈயம் விரிந்து புரியைப் பிடித்தது. அமெரிக்காவில் ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதசாலையின் ஜேம்ஸ் பர்ட்டன், கிண்ணமே தேவையில்லை, சுவர் மெல்லியதாக இருந்தால் போதும் என்று காட்டினார். 1855இல் அமெரிக்க ராணுவம் .58 அளவில், சுமார் 32 கிராம் எடையில் அதை ஏற்றது. பிரிட்டனின் 1853 என்ஃபீல்டு ரைஃபிளின் குண்டும் விரியும் வகையே. இறங்குவதற்கு எளிதாக அதன் காகிதத் தோட்டாவில் கொழுப்புத் தடவப்பட்டது. அது பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் என்ற பேச்சு 1857இல் வட இந்தியாவில் சிப்பாய்க் கிளர்ச்சியாக வெடித்ததைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

போரில் புகழ்பெற்ற மினியே குண்டு வேட்டையில் அரைகுறையாகவே வெற்றி பெற்றது. எடை உண்டு, ஊடுருவல் உண்டு. ஆனால் மெல்ல வளைந்து போகும். தூரத்தைக் கணிப்பதில் இருபது முப்பது கெஜம் பிசகினால் மானின் முதுகுக்கு மேலோ வயிற்றுக்குக் கீழோ போய்விடும். வேகம் கூட்டலாம் என்று மருந்தை ஏற்றினால் அடிவிளிம்பு கிழிந்து, குண்டு கோணலாகப் பறக்கும்.

இந்தியா, இலங்கை: பெருந்துளைக்காரர்கள்

காலனிய வேட்டைக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். 1840களின் பிற்பகுதியிலிருந்து சில ஆண்டுகள் நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர், பிரிஸ்டல் நகரத் துப்பாக்கிக் கொல்லர் கிப்ஸிடம் தன் கருத்துப்படி செய்வித்த ரைஃபிள் 21 பவுண்டு கனம். இரண்டே புரி. அவற்றில் பொருந்த நடுவே வளையம் புடைத்த உருண்டை, 85 கிராம். ஒரு வேட்டுக்கு மருந்து மட்டும் 28 கிராம். இலங்கை யானைகள்மீது அவர் இதைப் பயன்படுத்தினார். யானையின் மண்டையில் மென்மையான ஈயம் நசுங்கி நின்றுவிடும் என்பதால் வெள்ளீயமோ பாதரசமோ கலந்து குண்டைக் கெட்டிப்படுத்துவது அக்கால வழக்கம்.

மத்திய இந்தியாவில் பணியாற்றிய ஜேம்ஸ் ஃபார்சைத் 1863இல் வேட்டை ரைஃபிளும் அதன் குண்டுகளும் பற்றி எழுதிய நூல், இத்துறையில் வாதமாக எழுதப்பட்ட முக்கிய நூல்களில் ஒன்று. உலகமே கூம்புக் குண்டுக்கு மாறிக்கொண்டிருந்தபோது அவர் உருண்டையின் பக்கம் நின்றார். இந்தியக் காட்டில் கடமானும் புலியும் அகப்படுவது குறுகிய தூரத்தில். அந்தத் தூரத்துக்குள் வளையாமல் நேராகப் போவதும், அகலமாகக் காயப்படுத்துவதும் பெரிய உருண்டைதான் என்பது அவர் கட்சி. நிறைய மருந்து போட்டாலும் துணி வழுக்காமலிருக்கப் புரி மிக மெதுவாகச் சுழல வேண்டும் என்றார். .69 அங்குலத் துளைக்கு எட்டடி எட்டங்குல நீளத்தில் ஒரே சுற்று என்பது அவர் கணக்கு. அவர் சொன்ன தூரத்துக்குள் அவர் சொன்னது சரியே. ஆனால் சில ஆண்டுகளுக்குள் பின்புறம் திறந்து தோட்டா போடும் துப்பாக்கிகள் வந்து விவாதத்தையே காலாவதியாக்கின. அவர் பெயர் இன்று அதிகம் அடிபடுவது உருண்டைப் பிரியர்களான அமெரிக்கர்களிடம்தான்.

மறுபிறப்பு

1933இல் தேசிய வாய்வழி ரைஃபிள் சங்கம் அமெரிக்காவில் உருவானபோது பழைய துப்பாக்கி ஆர்வலர்களின் பொழுதுபோக்காகவே இது இருந்தது. வேட்டையாக மாறியதற்குக் காரணம் மாநில அரசுகள். மான் பெருகிய மாநிலங்கள், வழக்கமான பருவத்துக்கு வெளியே வாய்வழித் துப்பாக்கிக்கென்று தனி நாள்களை ஒதுக்கின. பென்சில்வேனியா 1974இல் சக்கிமுக்கிக் கல்லால் தீப்பற்றும் துப்பாக்கிகளுக்கு மட்டும் ஒரு பருவம் திறந்தது. பழைமைப் பற்றே இல்லாதவர்களும் கூடுதல் வேட்டை நாளுக்காக இதை வாங்கத் தொடங்கினார்கள். குண்டைப் புதுமைப்படுத்தச் சொன்னவர்களும் அவர்களே.

தாம்சன் சென்டர் நிறுவனம் 1970இல் வெளியிட்ட ஹாக்கன் ரைஃபிளின் புரி 48 அங்குலத்தில் ஒரு சுற்று. உருண்டைக்கு வேண்டிய 60, 70 அங்குல மெதுவான முறுக்கும் அல்ல, நீண்ட குண்டுக்கு வேண்டிய விரைவான முறுக்கும் அல்ல. இரண்டையும் ஓரளவு சுடும் சமரசம் அது. அதற்கென வந்த மேக்ஸி பால் குண்டுக்குத் துணியும் இல்லை, அடிக்குழிவும் இல்லை. பக்கவாட்டுப் பள்ளங்களில் மசகு நிரப்பிய திட ஈயம். முன் வளையத்தைப் புரியே வெட்டி ஏற்றுக்கொள்ளும். .50 அளவில் 24 கிராம், அதாவது உருண்டையைப் போல இருமடங்குக்கு மேல். விரிவது குறைவு, ஆனால் எலும்பை உடைத்துக்கொண்டு மறுபக்கம் வெளியேறும். இரண்டு பக்கமும் இரத்தம் சொட்டினால் அடிபட்ட எல்க்கைத் தடம் பார்த்துத் தொடர்வது எளிது. இதில் ஒரு சங்கடம் உண்டு. துணி இல்லாததால், குழலைக் கீழ்நோக்கிச் சுமந்து நடக்கும்போது குண்டு மருந்தை விட்டு மெல்ல நழுவலாம்.

1985இல் டோனி நைட் கொண்டுவந்த எம்கே-85 ரைஃபிளில் தீப்பொறி குழலுக்கு நேர் பின்னால் பிறந்தது. அதே காலத்தில் ஆர்கன்சாவின் டெல் ராம்சி விற்பனைக்குக் கொண்டுவந்த சேபோ என்னும் பிளாஸ்டிக் உறை, குண்டின் வரலாற்றைத் திருப்பியது. .50 குழலுக்குள் .45 கைத்துப்பாக்கிக் குண்டு. நடுவே நான்கு இதழ் விரியும் பிளாஸ்டிக் கிண்ணம். வேலை பழைய லினன் துணியின் வேலையேதான், பொருள்தான் வேறு. முறுக்கு 28 அங்குலத்துக்கு ஒரு சுற்றாக விரைந்தது. 150 மீட்டரைத் தாண்டியும் மானைச் சுட முடிந்தது.

முதலில் ஒரு குறை தென்பட்டது. கைத்துப்பாக்கியின் வேகத்துக்கென்று செய்த குண்டு, அதைவிட ஒன்றரை மடங்கு வேகத்தில் தோளெலும்பில் பட்டதும் சிதறியது. காயம் மேலோட்டமாக நின்றது. பிறகு இதற்கென்றே தடித்த உறையுள்ள குண்டுகள் வந்தன. பார்ன்ஸ் நிறுவனம் ஈயமே இல்லாமல் முழுச் செம்பில் செய்தது. அதன் குழிமுனை ஆறு இதழாக விரிந்தாலும் எடை அநேகமாகக் குறைவதில்லை.

இன்றைய தேர்வு

குண்டைத் தேர்ந்தெடுப்பதாக வேட்டைக்காரர் நினைக்கிறார். பாதித் தேர்வைக் குழலின் முறுக்கு முன்பே செய்துவிட்டது. மெதுவான முறுக்குள்ள குழலில் சேபோ குண்டு தள்ளாடும், 28 அங்குல முறுக்கில் நிறைய மருந்தோடு உருண்டையைச் சுட்டால் துணி புரியை விட்டு வழுக்கும். கடைக்காரர் மருந்தின் அளவைப் பற்றியும் குண்டின் முனையைப் பற்றியும் பேசுவார், முறுக்கைப் பற்றி அநேகமாக வாய் திறப்பதில்லை. வெண்வால் மானை 75 கெஜத்துக்குள், பக்கவாட்டில் நிற்கையில், நெஞ்சுக்கூட்டில் சுடுவதானால் .50 உருண்டை இன்றும் போதும். எல்க், மூஸ் ஆகிய பெரிய மானினங்கள் என்றால் .54 உருண்டையோ கனத்த கூம்புக் குண்டோ வேண்டும். உருண்டைக்கும் திடக் கூம்புக்கும் தூய ஈயம் நல்லது. பிற உலோகம் கலந்து கெட்டியான ஈயம் புரியை எளிதில் ஏற்காது.

மீதித் தேர்வைச் சட்டம் செய்கிறது. கொலராடோ தன் வாய்வழித் துப்பாக்கிப் பருவத்தில் சேபோவையும் தொலைநோக்கியையும் தடுக்கிறது. மானுக்குக் குறைந்தது .40, எல்க்குக்கும் மூஸுக்கும் .50 வேண்டும் என்கிறது. கூம்புக் குண்டின் நீளம் குறுக்களவைப் போல இருமடங்கைத் தாண்டக் கூடாது. கலிபோர்னியாவின் கவலை வேறு. சுட்ட விலங்கின் குடலில் கிடக்கும் ஈயத்துணுக்குகளைத் தின்று காண்டர் கழுகுகள் நஞ்சேறிச் சாவதால், 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. வாய்வழித் துப்பாக்கிக்கும் விலக்கு இல்லை. செம்பு ஈயத்தைவிட இலேசானது. அதே எடைக்குக் குண்டு நீள வேண்டும், நீண்ட குண்டுக்கு முறுக்கு விரைவாக வேண்டும். பழைய ஹாக்கன் நகல்களுக்கு அங்கே எஞ்சியிருப்பது ஈயமற்ற உலோகக் கலவையில் வார்த்த, எடை குறைந்த உருண்டைகள். கலிபோர்னியாவில் செம்பும் சேபோவுமாகச் சுட்டவர் அதே ரைஃபிளோடு கொலராடோ போனால், குண்டை மாற்றி, தொலைநோக்கியைக் கழற்றிவிட்டு, குறியைப் புதிதாகச் சரிபார்க்க வேண்டியிருக்கும்.