சாதாரண பெட்ரோலா, பிரீமியமா? உங்கள் காருக்கு எது வேண்டும்?

பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தியதும் ஊழியர் கேட்கும் முதல் கேள்வி, "நார்மலா, பவரா?" என்பதுதான். சில இடங்களில் கேட்பதுகூட இல்லை. பிரீமியம் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டே வருகிறார்கள். விலை கூடியது நல்லதாகத்தானே இருக்கும் என்று பலரும் தலையாட்டிவிடுகிறார்கள். வளைகுடாவில் வண்டி ஓட்டும் நம் சகோதரர்களுக்கு இதே கேள்வி 91-ஆ, 95-ஆ என்று எண்களில் வருகிறது. அங்கே பெரும்பாலும் வண்டியும் அவர்களுடையது அல்ல, பெட்ரோலுக்கான பணமும் அவர்களுடையது அல்ல. ஆகவே அவர்களுக்கு இது அமானிதம் சம்பந்தப்பட்ட விஷயமாகவும் ஆகிவிடுகிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடலாம். பிரீமியம் பெட்ரோலில் 'சக்தி' கூடுதலாக இருக்கிறது என்பது தவறான எண்ணம். ஒரு லிட்டரில் அடங்கிய எரிசக்தி இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். முக்கியமாக வேறுபடுவது ஆக்டேன் எண்.

ஆக்டேன் எண் எதைக் காட்டுகிறது?

இன்ஜினுக்குள் பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவையை பிஸ்டன் மேலே வந்து அழுத்துகிறது. சரியான நேரத்தில் ஸ்பார்க் பிளக் பொறி தட்ட, கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. இந்தத் தள்ளலில்தான் வண்டி ஓடுகிறது. காற்றை அழுத்தினால் சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அழுத்தமும் சூடும் அளவு மீறினால், பிளக்கிலிருந்து நெருப்பு பரவி வருவதற்குள் கலவையின் ஒரு பகுதி தானாகவே பற்றிக்கொள்கிறது. அப்போது உண்டாகும் அதிர்வைத்தான் மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்கிறார்கள். ஏற்காடு, கொடைக்கானல் மலைப் பாதையில் ஆட்களை நிறைத்துக்கொண்டு, கியரைக் குறைக்காமல் வண்டியை இழுக்கும்போது முன்பக்கத்திலிருந்து 'டிக் டிக்' என்று கேட்குமே, அது இந்தச் சத்தம்தான். கடுமையாகத் தொடர்ந்தால் பிஸ்டனையே பதம் பார்த்துவிடும்.

இப்படித் தானாகப் பற்றிக்கொள்ளாமல் பெட்ரோல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதற்கான அளவுகோல்தான் ஆக்டேன் எண். ஐசோ ஆக்டேன் என்ற பொருளுக்கு 100 என்றும், சுலபமாகப் பற்றிக்கொள்ளும் ஹெப்டேனுக்கு 0 என்றும் வைத்துக்கொண்டார்கள். 91 பங்கு ஐசோ ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்தால் சோதனை இன்ஜினில் எப்படி நடந்துகொள்ளுமோ, அப்படி நடந்துகொள்ளும் பெட்ரோலின் எண் 91. 95 என்பது அதைவிடக் கொஞ்சம் பொறுமைசாலி, அவ்வளவுதான்.

இந்தப் பொறுமை எல்லா இன்ஜினுக்கும் தேவைப்படாது. கலவையை மிக அதிகமாக அழுத்தும் இன்ஜின், டர்போ பொருத்திய இன்ஜின் ஆகியவற்றுக்கே பெரும்பாலும் தேவை. சாதாரணக் குடும்பக் காரில் 95 ஊற்றினால் அந்தக் கூடுதல் தாக்குப்பிடிக்கும் தன்மை பயன்படாமலேயே எரிந்து போகிறது. இரண்டு கிலோ அரிசி வாங்கப் போகிறவருக்கு ஐம்பது கிலோ தாங்கும் சாக்கு எதற்கு?

பெயரை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள்

'பிரீமியம்' என்ற சொல்லை நம்பிக் கொள்முதல் செய்வது சரிப்படாது என்பதற்கு வளைகுடா நாடுகளே சாட்சி. கத்தாரிலும் குவைத்திலும் 'பிரீமியம்' என்று விற்கப்படுவது 91. அங்கே 95-க்குப் பெயர் 'சூப்பர்'. ஐக்கிய அரபு அமீரகத்தில் 'சூப்பர்' என்றால் 98. 95-ஐ 'ஸ்பெஷல்' என்றும் 91-ஐ 'இ-பிளஸ்' என்றும் சொல்கிறார்கள். பஹ்ரைனில் 91 'ஜய்யித்', 95 'மும்தாஸ்'. அரபி தெரிந்தவர், நல்லதைவிட மிகச் சிறந்ததுதானே மேல் என்று நினைத்துக் காசை வீணாக்க இந்தப் பெயர்களே போதும். சவூதியில் பெயர்க் குழப்பம் குறைவு; பச்சை 91, சிவப்பு 95. இலங்கையில் 92, 95 என்று எண்ணாகவே கேட்கலாம். மலேசியாவில் சாதாரண பெட்ரோலே 95தான்.

அமெரிக்கச் சந்தைக்காகத் தயாரான வண்டியை வளைகுடாவில் ஓட்டுபவர்கள் மட்டும் ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் ஆக்டேன் எண்ணைக் கணக்கிடும் முறையே வேறு. இரண்டு விதச் சோதனைகளின் சராசரியை எழுதுகிறார்கள். எனவே அதே பெட்ரோலுக்கு அங்கே எண் நான்கைந்து குறைவாக வரும். கையேட்டில் 87 என்று இருந்தால் அது நமக்கு 91. ஆனால் கையேட்டில் 91 என்று இருந்தால், பங்கிலும் 91 என்று எழுதியிருக்கிறதே என்று அதை ஊற்றிவிடக் கூடாது. அந்த வண்டிக்குத் தேவை 95.

இந்தியாவுக்கு வருவோம். பிஎஸ்-6 விதிகள் 2020 ஏப்ரலில் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தபோது சாதாரண பெட்ரோலின் குறைந்தபட்ச ஆக்டேன் எண் 91 என்று இருந்தது. இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி 95 போன்றவை அதற்கு மேலே நின்றன. இப்போது சாதாரண பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனாலின் ஆக்டேன் எண் 100-க்கும் மேல் என்பதால் கலவையின் எண்ணும் ஏறிவிட்டது. இ20 பெட்ரோலின் எண் 95 ஆகிவிட்டது என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025-ல் அறிவித்தது. அப்படியானால் 95 என்ற எண்ணுக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுப்பதற்கு முன்பிருந்த நியாயமும் மெலிந்துவிட்டது.

எத்தனாலுக்குப் பயந்து பிரீமியத்துக்கு மாறுபவர்களும் உண்டு. பழைய வண்டி வைத்திருப்பவர்களின் கவலையில் அர்த்தம் இருக்கிறது. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து, 10 சதவீத எத்தனாலுக்கு ஏற்ப சரிசெய்யப்பட்ட கார்களில், இ20-ஆல் எரிபொருள் சிக்கனம் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021-ஆம் ஆண்டு அறிக்கையே ஒப்புக்கொள்கிறது. பழைய ரப்பர் குழாய்களையும் வளையங்களையும் மெக்கானிக்கிடம் காட்டிச் சோதிப்பது நல்லது. ஆனால் 95 ஆக்டேன் பிரீமியத்திலும் எத்தனால் இருக்கவே செய்கிறது என்பதால் அதற்கு மாறுவது இதற்கு மருந்தல்ல. 2020 இறுதியில் அறிமுகமான எக்ஸ்பி 100 போன்ற 100 ஆக்டேன் ரகங்கள் தனி. டெல்லியில் அறிமுகமானபோதே அதன் விலை லிட்டருக்கு 160 ரூபாய். உயர்ரக விளையாட்டுக் கார்களுக்கும் பைக்குகளுக்கும் உரியது அது. மளிகை வாங்கப் போகும் வண்டிக்கல்ல.

உங்கள் வண்டி என்ன கேட்கிறது?

பெட்ரோல் டேங்க் மூடியின் உட்புறத்தைப் பாருங்கள். 'ஆர்.ஓ.என்.' என்று போட்டு ஓர் எண் இருக்கும். அங்கே இல்லாவிட்டால் வண்டியோடு வந்த கையேட்டில் எரிபொருள் பற்றிய பக்கத்தில் இருக்கும். வண்டியைச் செய்தவர் சொன்னதற்கு மேல் அடுத்த வீட்டுக்காரரின் யோசனையோ பங்க் ஊழியரின் பேச்சோ எடுபடக் கூடாது. 91 அல்லது அதற்கு மேல் என்று எழுதியிருந்தால் சாதாரண பெட்ரோல் போதும். 95 கட்டாயம் என்று எழுதியிருந்தால் அதற்குக் குறைந்து ஊற்றக் கூடாது. ஐரோப்பியக் கார்கள் பலவற்றில் இப்படி இருக்கும், ஏனெனில் ஐரோப்பாவில் சாதாரண பெட்ரோலே 95. 'கட்டாயம்' என்று இல்லாமல் 'பரிந்துரை' என்று மட்டும் இருந்தால் இரண்டும் ஊற்றலாம். உயர்ந்ததில் இழுவை சற்றுக் கூடும்.

ஆக்டேன் குறைந்த பெட்ரோலை ஊற்றியதும் இன்ஜின் உடனே உடைந்துவிடாது. இன்றைய கார்களில் நாக்கிங்கை உணரும் சென்சார் இருக்கிறது. அது அதிர்வைக் கண்டதும் பொறி தட்டும் நேரத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடும். அதனால் இன்ஜின் தப்பிக்கும். இழுவையும் மைலேஜும் குறையும். பழைய கார்புரேட்டர் வண்டிகளில் இந்தப் பாதுகாப்பு கிடையாது. கையேடு சொன்ன பெட்ரோலையே ஊற்றியும் சத்தம் கேட்டால், கார்பன் படிந்திருக்கலாம், இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகலாம், பிளக் பொருத்தமற்றதாக இருக்கலாம். அதற்கு வழி மெக்கானிக்தான். விலை கூடிய பெட்ரோல் சத்தத்தைக் கொஞ்ச நாள் மூடி வைக்கும், காரணம் உள்ளேயே இருக்கும்.

பிரீமியத்தில் இன்ஜெக்டரைச் சுத்தம் செய்யும் ரசாயனம் சேர்க்கிறார்கள் என்பது உண்மை. அந்த அளவில் பயன் இருக்கலாம். ஆனால் பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் புதிய வகை இன்ஜின்களில் உள்ளிழுக்கும் வால்வின் மேல் பெட்ரோல் படுவதே இல்லை. அங்கே படியும் கரியை எந்த பெட்ரோலும் கழுவாது.

கணக்கையும் பார்த்துவிடலாம். சாதாரணம் 101 ரூபாய், பிரீமியம் 109 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் வண்டி. மாதம் சுமார் 67 லிட்டர். கூடுதல் செலவு 530 ரூபாய்க்கு மேல், வருடத்துக்கு 6,400 ரூபாய். இது ஈடாக வேண்டுமானால் மைலேஜ் 8 சதவீதம் கூட வேண்டும். 91-க்காகவே வடிவமைத்த இன்ஜினில் அது நடக்காது. பயனில்லை என்று தெரிந்த பிறகும் பெருமைக்காகச் செலவழிப்பது, அல்இஸ்ரா அத்தியாயத்தின் 26, 27-ஆம் வசனங்கள் கண்டிக்கும் வீண்விரயத்தின் பக்கம் சாய்கிறது என்றே எனக்குப் படுகிறது. ஹராம், ஹலால் என்று ஃபத்வா கொடுக்கும் இடமல்ல இது. வண்டி கேட்கிறது என்பதற்காக 95 ஊற்றுகிறவர் மேல் இந்தப் பேச்சும் பொருந்தாது. தேவைக்குச் செலவழிப்பது விரயம் ஆகாது.

பிறர் வண்டி, பிறர் பணம்

சவூதியில் ஹவுஸ் டிரைவராக இருக்கும் ஒருவரிடம் கஃபீல் 95 ஊற்றச் சொல்லிப் பணம் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். டிரைவருக்குத் தெரியும், இந்த வண்டிக்கு 91 போதும். 91 ஊற்றிவிட்டு மிச்சத்தைப் பையில் போட்டுக்கொள்ளலாமா? 2021 ஜூலையில் சவூதி அரசு 91-க்கு 2.18 ரியால், 95-க்கு 2.33 ரியால் என்று உச்சவரம்பு வைத்தது. அந்தக் கணக்கில் 60 லிட்டர் டேங்குக்கு 9 ரியால் மிஞ்சும். மாதம் எட்டு முறை நிரப்பினால் 72 ரியால். வண்டிக்கு ஒரு கெடுதலும் இல்லையே என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள்.

கூடாது. அவர் இங்கே வக்கீல், அதாவது உரிமையாளர் சார்பாக வாங்குபவர். கையில் உள்ள பணம் அமானிதம். உர்வா அல்பாரிக்கீ (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் ஓர் ஆடு வாங்கி வர ஒரு தீனார் கொடுத்த செய்தி புகாரியில் இருக்கிறது. அவர் அந்த ஒரு தீனாருக்கு இரண்டு ஆடுகள் வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, ஆட்டையும் தீனாரையும் கொண்டுவந்து கொடுத்தார். நபியவர்கள் அவருடைய வியாபாரத்தில் பரக்கத்துக்காக துஆ செய்தார்கள். சாமர்த்தியத்தால் மிச்சமானதுகூட உரிமையாளரிடமே போய்ச் சேர்ந்தது. டிரைவர் செய்ய வேண்டியது எளிது: மூடியில் உள்ள எண்ணைக் காட்டி, "இதற்கு 91 போதும்" என்று சொல்லிப் பார்ப்பது. அவர் சம்மதித்தால் 91 ஊற்றி மீதியைத் திருப்பித் தரலாம். அவர் 95தான் என்றால் 95தான். 95 கட்டாயமான வண்டியில் 91 ஊற்றி மிச்சம் பிடிப்பது இதைவிடப் பெரிய பிழை. அங்கே பணத்தோடு வண்டிக்கும் சேதம் சேருகிறது. நண்பரின் காரை இரவல் வாங்கி ஓட்டுபவருக்கும் இது பொருந்தும்.

பங்க் நடத்தும் சகோதரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. தானியக் குவியலின் அடியில் ஈரத்தை மறைத்து விற்ற வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி முஸ்லிமில் வருகிறது. கேட்காமலே பிரீமியம் போடுவதும், ஆகாத வண்டிக்கு "மைலேஜ் கூடும்" என்று தெரிந்தே சொல்லி விற்பதும் அந்த வகையில்தான் சேரும். மாத இலக்கு இருக்கிறது என்பது ஊழியருடைய கஷ்டம். வாங்குபவரின் அறியாமையில் அதைத் தீர்க்க முடியாது.

இரண்டு ரகங்களையும் ஒரே டேங்கில் கலக்கலாமா என்று கேட்கிறார்கள். கலக்கலாம், 91-ம் 95-ம் பாதிப் பாதி என்றால் ஏறத்தாழ 93 கிடைக்கும். 95 கட்டாயமான வண்டியில் வழியில் 91 மட்டுமே கிடைத்தால், அடுத்த பங்க் வரைக்கும் தேவையான அளவு ஊற்றி, வேகத்தைக் குறைத்து, வண்டியை வதைக்காமல் ஓட்டலாம். டீசல் வண்டிக்கு ஆக்டேன் கணக்கே கிடையாது. அதற்கு சீட்டேன் என்ற வேறு எண். தவறி டீசல் டேங்கில் பெட்ரோலை ஊற்றிவிட்டால் சாவியைத் திருப்பாமல் வண்டியைத் தள்ளி நிறுத்தி டேங்கைக் காலி செய்ய வேண்டும். பெட்ரோலின் தரத்திலோ அளவிலோ சந்தேகம் வந்தால் நம் நாட்டில் எந்தப் பங்கிலும் வடிகட்டித் தாள் சோதனையையும் 5 லிட்டர் அளவைச் சோதனையையும் வாடிக்கையாளர் கேட்டு வாங்கலாம். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.