புதுவைச் சொல்தாக்களும் உபகாரச் சம்பளமும்

போர்க்களத்தில் மாண்ட வீரனுக்குக் கல் நட்டுப் பெயர் பொறித்தல் தமிழர்தம் தொன்மரபு. புதுவைக் கடற்கரையில் 1938-இல் திறக்கப்பெற்ற யுத்த நினைவுச் சின்னமும், முதல் உலக யுத்தத்தில் பிரெஞ்சுக் கொடியின்கீழ்ப் பொருது உயிர் நீத்த நம்மவர்க்கு எடுத்த நடுகல்லே என்போம்.

உயிருடன் மீண்டோரை ஊரார் 'சொல்தா' என்றழைத்தனர். போரிற் பொருதோர்க்கு முதுமைக்கண் உதவித்தொகை அளிக்க 1930-ஆம் வருடத்துப் பிரெஞ்சுச் சட்டம் வகை செய்தது. நெடுநாட் சேவைக்குரிய உபகாரச் சம்பளம் அதனின் வேறாம். 1954 நவம்பர் 1-இல் புதுவை இந்தியாவின் ஆட்சிக்கு வந்தது. 1962-இல் உடன்படிக்கை உறுதிபெற, ஏறத்தாழ ஐயாயிரவர் பிரெஞ்சுக் குடியுரிமையையே தேர்ந்தனர். கொடி மாறியும் அன்னார்க்குச் சம்பளம் நின்றிலது. இந்நகரிலுள்ள 'ஃபுவாயே து சொல்தா' என்னும் வீரர் இல்லம் அவர்க்கு இன்றும் ஊன்றுகோலாய் விளங்குகின்றது.

நிற்க. சொல்தா இறந்தபின் அவர் மனையாட்டிக்கும் அச்சம்பளத்தில் ஒரு பங்கு உண்டு. அதனைப் பெறுதற்கு விவாகப் பதிவும் சேவைப் பத்திரமும் இன்றியமையாதன. ஊரறியத் தாலி கட்டியதொன்றே சர்க்கார் ஏட்டிற்குச் சான்றாகாது. ஆதலின், நம் சங்கத்தார் பாட்டன்மார் பெட்டிகளைத் திறந்து, கறையான் அரிக்குமுன் அப்பத்திரங்களைப் பேணி வைப்பாராக. கல்லில் நின்ற பெயர் குலத்திற்குப் புகழாம். காகிதத்தில் நின்ற பெயரே கைம்பெண்ணுக்குச் சோறிடும்.