தாது வருடப் பஞ்சமும் ஆள்வோரின் பொறுப்பும்



மழை பொய்ப்பது இறைவன் நாட்டம். ஆனால் மழை பொய்த்த ஊரில் எவர் உண்பார், எவர் பட்டினி கிடப்பார் என்பதைப் பெரும்பாலும் மனிதர்களே தீர்மானிக்கின்றனர். இவ்வுண்மையை நாம் அறிய வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. நமது சேந்தமங்கலம் அடங்கியிருந்த பழைய சேலம் ஜில்லாவின் வரலாறே போதுமானது.

1876ஆம் ஆண்டு பருவமழை தவறியது. மறு ஆண்டும் தென்மேற்குப் பருவமழை கைகொடுக்கவில்லை. நம் முன்னோர் 'தாது வருடப் பஞ்சம்' என்று நடுக்கத்தோடு குறிப்பிட்டது இதனையே. 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சேலம் ஜில்லாவின் மக்கள்தொகை ஏறத்தாழ 19 லட்சத்து 67 ஆயிரம். 1881இல் அது சுமார் 16 லட்சமாகக் குறைந்தது. பஞ்சம், அதைத் தொடர்ந்த காலரா, காய்ச்சல், ஊரைவிட்டு வெளியேறுதல் ஆகியவற்றால் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவான மக்கள் கணக்கிலிருந்து மறைந்தனர்.

அன்றைய அரசு செய்தது என்ன? 1874இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது, சர் ரிச்சர்ட் டெம்பிள் பர்மாவிலிருந்து அரிசியை வரவழைத்துத் தாராளமாக வழங்கினார். பட்டினிச் சாவு மிகக் குறைவாகவே இருந்தது. பாராட்டுக்குப் பதிலாக, வீண் செலவு செய்தார் என்ற கண்டனமே அவருக்குக் கிடைத்தது. அதே டெம்பிளைத்தான் 1877இல் வைஸ்ராய் லிட்டன் பிரபு சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார். இம்முறை அவர் சிக்கனத்தையே குறிக்கோளாகக் கொண்டார். நிவாரண வேலை செய்வோருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும் சிறிது காசும் போதும் என்று விதித்தார். தானிய வியாபாரத்தில் அரசு தலையிடலாகாது என்பதே அந்நாளைய கொள்கை. மக்கள் மடிந்த அதே ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கோதுமை கப்பலேறிக்கொண்டிருந்தது.

இதனை எதிர்த்து வாதிட்டவரும் ஓர் அரசு அதிகாரியே. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், கடின வேலை செய்யும் உடல் இந்த அளவு உணவில் தாங்காது என்றும், குறைந்தது ஒன்றரைப் பவுண்டு தானியமும் அத்துடன் பருப்பு, காய்கறியும் வேண்டும் என்றும் வலியுறுத்தினார். சில மாதங்களில் கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் எத்தனையோ உயிர்கள் போய்விட்டன. முதலில் வீழ்ந்தோர் நிலமற்ற கூலிகளும், வேலைத்தளம்வரை நடக்க இயலாத முதியோரும், குழந்தைகளும் ஆவர்.

இத்துயரத்தின் பின்னரே 1880இல் பஞ்ச ஆணையம் அறிக்கை அளித்தது. அதன் வழியே பஞ்சச் சட்டத்தொகுப்புகள் பிறந்தன. உழைக்க வலுவுள்ளோருக்கு வேலை தருவதும், வலுவற்றோருக்கு இலவச உணவு தருவதும் அரசின் கடமையென எழுத்தில் ஏற்கப்பட்டது. வலுவற்றோர் யார் என்று பட்டியலிடும் பொறுப்பு கிராம அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட்டது.

இக்கடமை நமக்குப் புதியதன்று. ஹிஜ்ரி 18இல் மதீனாவைக் கடும் பஞ்சம் சூழ்ந்தபோது, கலீஃபா உமர் (ரலி) அவர்கள் பிற மாகாணங்களிலிருந்து உணவை வரவழைத்தார்கள் என்றும், மக்கள் வயிறு நிறையும்வரை நெய்யையும் இறைச்சியையும் தாம் விலக்கினார்கள் என்றும் வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தமிழகத்தில் சுமார் 8,000 உயிர்களைக் கொண்டுசென்றது. இறந்தோரில் பெண்களும் குழந்தைகளுமே மிகுதி. அன்று பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் மீனவ மக்களுக்கு உணவும் தங்குமிடமும் அளித்தது நாடறிந்த செய்தி. அதே வேளையில், கடலோரத் தலித் மக்களும் இருளர்களும் நிவாரணப் பட்டியலில் விடுபட்டதை ஆய்வறிக்கைகள் பதிவு செய்தன. 2005இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. முகாம்களில் உணவு, குடிநீர், மருத்துவம் ஆகியவற்றின் குறைந்தபட்ச அளவையும், விதவைகளுக்கும் அநாதைகளுக்குமான தனி ஏற்பாட்டையும் அது பேசுகிறது. நிவாரணத்தில் சாதி, சமய, பால் வேறுபாடு காட்டலாகாது என்றும் விதிக்கிறது.

ஆக, இன்று கேட்பது பிச்சையன்று, உரிமை. ஆயினும் பட்டியலில் பெயரில்லாதவரைச் சட்டம் தேடி வராது. அவரை அறிந்தவர் அண்டை வீட்டாரே. நமது மஹல்லாவிலும் சுற்றுப்புறத்திலும் தனித்து வாழும் முதியோர், விதவைகள், நடக்க இயலாதோர், பிற ஊர்களிலிருந்து வந்த கூலித் தொழிலாளர் யார் யார் என்பதை எச்சமய வேறுபாடுமின்றி நாம் எழுதி வைத்திருக்க வேண்டும். ஆபத்து வரும் நாளில் அதை அதிகாரிகள் முன் வைத்து, ஒருவர் பெயரும் விடுபடாமல் கேட்டுப் பெற வேண்டும். கார்னிஷ் அன்று கணக்கோடு வாதிட்டதால்தான் கூலி உயர்ந்தது என்பதை நாம் மறவாதிருப்போமாக.

வல்ல இறைவன் நம் ஊரையும் நாட்டையும் பேரிடர்களிலிருந்து காத்தருள்வானாக. ஆமீன்.